அப்ரண்டிஸ்: எந்த ஊரில் சேரலாம்?

விண்ணப்பக் கெடு நெருங்குவதால் கடிதங்கள் குவிகின்றன. பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான்: சென்னைக்குப் போனால் ஸ்டைபண்ட் அதிகமா?

சட்டம் ஊர் பார்ப்பதில்லை. 2019-இல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. அம்பத்தூரிலும் அதுதான், அரியலூரிலும் அதுதான். 2025 மே மாதம் அப்ரண்டிஸ் பயிற்சிக்கான மத்தியக் குழு ஸ்டைபண்டில் 36 சதவீத உயர்வுக்குப் பரிந்துரைத்தது. பரிந்துரையை நம்பி அறைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

'படிக்கும்போதே சம்பாதியுங்கள்' என்கிறது அரசு. ஆனால் 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், 18-ஆம் பிரிவில், உங்களைத் தொழிலாளியாகவே ஏற்கவில்லை. பி.எஃப். கிடையாது. அதைவிட என்னை உறுத்துவது 22-ஆம் பிரிவு. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. 2014 திருத்தம், ஆளெடுப்புக் கொள்கை ஒன்றை நிறுவனமே வகுத்துக்கொள்ளட்டும் என்றதோடு நிறுத்திக்கொண்டது.

ஊரை எடைபோட வேண்டியது இங்கேதான். நெய்வேலியில் என்.எல்.சி. பயிற்சி நல்ல பயிற்சி. ஆனால் அந்த வாசல் மூடினால் அதே ஊரில் அடுத்த பெரிய வாசல் இல்லை. கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் நடந்து பாருங்கள். பட்டறைக் கதவில் 'டர்னர் தேவை' என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். உள்ளே போனால் டிராயிங்கைக் கையில் கொடுத்து ஒரு ஷாஃப்ட்டைக் கடையச் சொல்வார்கள். மைக்ரோமீட்டரில் அளவு சரியாக நின்றால் சம்பளப் பேச்சு தொடங்கிவிடும். பம்ப், மோட்டார், பவுண்டரி என்று சிறு பட்டறைகள் அடுத்தடுத்து இருப்பதால், பயிற்சி தந்த நிறுவனம் கைவிட்டாலும் ஊர் கைவிடாது. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் பிள்ளைகளுக்கு என் தேர்வு கோவைதான்.

ரயில்வே? பொன்மலை, பெரம்பூர் ஐ.சி.எஃப். பயிற்சி முடித்தவர்களுக்கு லெவல்-1 நேரடி நியமனத்தில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு; தேர்வு எழுதியாக வேண்டும்.

மத்திய அரசு தருவதாகச் சொல்லும் 1,500? என்.ஏ.பி.எஸ். என்னும் தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் அதிகபட்சம் அவ்வளவு, ஸ்டைபண்டுக்குள் அடக்கம்.

ஓவர்டைம்? அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதியின்றிக் கூடாது.

விபத்து நேர்ந்தால்? 16-ஆம் பிரிவின்படி முதலாளி இழப்பீடு தர வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவானதற்கான நகல், அந்த நிறுவனத்தின் ஆளெடுப்புக் கொள்கை. இரண்டாவதை எழுத்தில் தரத் தயங்கும் இடத்துக்காக ஊர் மாறாதீர்கள்.