சரியாக 122 சென்டிமீட்டர்

"மாமா, அது தலைகீழாப் போகுமா, போகாதா? அதை மட்டும் சொல்லுங்க."

2018 அரையாண்டு விடுமுறை. அக்கா மகள் அப்போது நான்காம் வகுப்பு. ஹாரி பாட்டர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவள் கையில் ஒரு புகைப்படம். மேலே பறந்த ஹெலிகாப்டரில் இருந்து யாரோ ஒரு ரசிகர் எடுத்தது. மண்மேடுகளுக்கு நடுவே பாம்பு நெளிவதுபோல ஓர் இரும்புத் தடம்.

இடம், அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ. அங்கே யுனிவர்சல் நிறுவனத்தின் 'ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர்' என்னும் பொழுதுபோக்குப் பூங்காவில் 1999 முதல் இரண்டு டிராகன் ரோலர் கோஸ்டர்கள் பின்னிப் பிணைந்து ஓடின. கால் தொங்க, தலைகீழாகச் சுழற்றும் முரட்டு வண்டிகள். 2017 செப்டம்பரில் அவற்றை மூடிவிட்டு, அதே இடத்தில் ஒரு புதிய ஹாரி பாட்டர் ரோலர் கோஸ்டரைக் கட்டத் தொடங்கினார்கள். 2019-ல் திறப்பு என்று மட்டும் அறிவிப்பு. மற்றபடி வாயே திறக்கவில்லை.

கேட்க வேண்டுமா! ஆளாளுக்கு ஒரு கணக்கு. "புலி இருந்த குகை, புலிதான் வரும்" என்று ஒரு கட்சி. "ஹாரி பாட்டர் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள், அதனால் பூனைதான்" என்று இன்னொரு கட்சி. நம் வீட்டுக் கட்சிக்குக் கேள்வி இரண்டே இரண்டு. எவ்வளவு பயமாக இருக்கும்? என்னை ஏற்றுவார்களா? (ஆர்லாண்டோவுக்கு எங்களில் யாரும் டிக்கெட் எடுக்கவில்லை. அது வேறு விஷயம்.)

முதல் கேள்விக்குப் படத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. "வட்டமா மேல ஏறி இறங்குற வளையம் எங்கயாவது தெரியுதா பாரு" என்றேன். தேடினாள். இல்லை. திருகிச் சுழலும் தடமும் இல்லை. ஆனால் ஓர் ஓரத்தில் தடம் வானத்தைப் பார்த்து ஏறி, உச்சியில் எங்கும் போகாமல் அப்படியே அறுந்து நின்றது.

"ஐயோ, கட்டி முடிக்கலையா?"

முடித்துவிட்டார்கள். அந்த முனை அப்படித்தான். வண்டி அதில் ஏறும், வேகம் தீர்ந்து ஒரு கணம் நிற்கும், பிறகு முதுகுப்பக்கமாகக் கீழே வரும். நீங்கள் மேலே எறிந்த பந்து திரும்பி வருகிறதே, அதே கதை.

இந்தப் பந்துக் கதையில்தான் ரோலர் கோஸ்டர் ரசிகர்களின் பெரிய ரகசியம் ஒளிந்திருக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்று தெரிந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் என்ன என்று சொல்லிவிடலாம். எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். பேப்பரும் பென்சிலும் போதும்: உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 16-ஆல் பெருக்கினால், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைத்துவிடும். காற்றும் உராய்வும் கொஞ்சம் திருடும், அவ்வளவுதான். திருப்பிப் போட்டாலும் கணக்கு சரிவரும். அந்த உயரத்துக்கு ஏற வேண்டுமானால், அடியில் குறைந்தது அந்த வேகமாவது இருக்க வேண்டும்.

நான்காம் வகுப்புக்கு வர்க்கமூலம் தெரியாது. "எதை அதாலயே பெருக்கினா 20 வரும்?" என்று கேட்டேன். ஏனென்றால் அந்த முனையின் உயரம் சுமார் 20 மீட்டர். நான்கு நான்கு பதினாறு, ஐந்து ஐந்து இருபத்தைந்து. "நாலரை மாதிரி" என்றாள். நாலரையைப் பதினாறால் பெருக்கினால் 72. உண்மையில் அந்த வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று பின்னால் தெரிந்தது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போட்ட கணக்குக்கு மோசமில்லை.

அதே பூங்காவில் 2021 ஜூனில் திறந்த வெலாசிகோஸ்டர் இன்னும் கச்சிதம். அதன் உச்சி 47 மீட்டர். வர்க்கமூலம் ஏழுக்குச் சற்றுக் குறைவு, 6.9 என்று வையுங்கள். பதினாறால் பெருக்கினால் 110. வண்டியை உந்தித் தள்ளும் வேகம் 113. உச்சியை மெல்லத் தொட்டுத் தாண்டுகிற அளவுக்குத்தான் கொடுக்கிறார்கள். நியூ ஜெர்சியில் 2005 முதல் 2024 வரை ஓடிய கிங்டா காவுக்கு உயரம் 139 மீட்டர். கணக்கு 189 என்கிறது, அதை 206-ல் தள்ளினார்கள். அப்படியும் சில நாள்கள் குளிரோ எதிர்க்காற்றோ சேர்ந்து வேகத்தைத் தின்றுவிட, வண்டி உச்சியை எட்டாமல் வந்த வழியே பின்னால் சறுக்கிவிடும். அதை எதிர்பார்த்துத் தடத்திலேயே பிரேக்குகள் வைத்திருந்தார்கள். அப்படி ஒருமுறை சறுக்கிவர வேண்டும் என்றே வரிசையில் நின்ற ரசிகர்களும் உண்டு!

சரி, வேகம் கிடைத்துவிட்டது. பயம் கிடைத்துவிட்டதா? இல்லை. நெடுஞ்சாலைப் பேருந்தும் 80-ல்தான் போகிறது, அதில் பாதிப்பேர் தூங்குகிறார்கள். விமானம் 900-ல் போகிறது, அதில் டீ குடிக்கிறார்கள். உடம்புக்கு வேகம் தெரியவே தெரியாது. வேகம் மாறும்போதுதான் தெரியும். கூடும்போது, குறையும்போது, திசை திரும்பும்போது.

அந்த மாற்றத்தை அளக்கிற அலகுக்குப் பெயர் 'ஜி'. இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும் உங்கள் மேல் இருப்பது 1 ஜி. பள்ளத்தில் இறங்கி வளைந்து மேலேறும் வண்டியில் ஒரு கணம் 3 ஜி வந்தால், 25 கிலோ எடையுள்ள உங்களுக்கு 75 கிலோ ஆனதுபோல இருக்கும். கன்னம் தொங்கும், கையைத் தூக்க முடியாது. மேட்டைத் தாண்டும்போது நேர் எதிர், எடையே இல்லாததுபோல. வேகத்தடையில் ஓட்டுநர் அசந்துவிட்டால் பேருந்தின் கடைசி இருக்கையில் இருப்பவருக்கு என்ன ஆகும்? அந்த அரை நொடிக்குத்தான் ரசிகர்கள் 'ஏர்டைம்' என்று பெயர் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஜி எண்ணை மட்டும் கேட்டு மிரண்டுவிடக் கூடாது. 1994-ல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் அன்றாட அசைவுகளில் தலை எவ்வளவு குலுங்குகிறது என்று அளந்தார்கள். தும்மினால் சுமார் 3 ஜி. நாற்காலியில் தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் சுமார் 10 ஜி! பள்ளிவிட்டு வந்து சோபாவில் விழுகிற எவரும் மயங்குவதில்லை, ஏனென்றால் அது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. நான்கு ஜி அரை நொடிக்கு வந்தால் சிரிப்பு. அதுவே பல நொடிகள் நீடித்தால் ரத்தம் தலைக்கு ஏறாமல் கண் இருட்டும்.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நூறு ஆண்டுக்கு முந்தைய மனிதர்கள். 1895-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 'ஃப்ளிப் ஃப்ளாப்' என்றொரு வண்டி. சுத்த வட்டமாக ஒரு வளையம். வட்டத்தில் என்ன தப்பு என்கிறீர்களா? உச்சியில் விழாமல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் வேகம் வைத்தாலும், அங்கிருந்து இறங்கி அடிக்கு வருவதற்குள் வேகம் கூடி, அமுக்கம் 6 ஜி ஆகிவிடும். இது வட்டத்தின் குணம். சின்ன வட்டமோ பெரிய வட்டமோ, தப்பவே முடியாது. அந்த வண்டியில் ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1976-ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவுக்கு வடிவமைத்த வளையம் இந்தச் சிக்கலை அவிழ்த்தது. வட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேலே இறுக்கமாகவும் கீழே அகலமாகவும் ஒரு நீர்த்துளி வடிவம். வண்டி வேகமாக இருக்கும் அடிப்பகுதியில் வளைவு மெதுவாகத் திரும்புகிறது, அமுக்கம் குறைகிறது. இன்று பெரும்பாலான வளையங்கள் சுத்த வட்டமாக இருக்காது, கவனித்துப் பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ரசிகர்கள் ஏமாறுவார்கள். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2010-ல் 'தர்ட்டீன்' வந்தபோது, இதைவிடப் பயங்கரம் இல்லை என்கிற மாதிரி விளம்பரம் பண்ணினார்கள். கதவு திறந்தால் உயரம் 20 மீட்டர், வேகம் 68. 'இதற்குத்தானா?' என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் உள்ளே ஒரு குறும்பு இருந்தது. இருட்டறைக்குள் போய் வண்டி நிற்கும். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, வண்டியும் அதன் கீழிருக்கும் தடமும் சேர்ந்தே சுமார் 5 மீட்டர் கீழே விழும். எதையும் பிடிக்காமல் 5 மீட்டர் விழ ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடிக்கு எந்தப் புகைப்படத்திலும் தடயம் இல்லை. கட்டடத்துக்குள் இருப்பதை ஹெலிகாப்டர் பார்க்காதே!

என் கட்சி இதுதான்: இரும்பைப் பார்த்து வேகத்தைச் சொல்லலாம், அமுக்கத்தைக்கூடச் சொல்லலாம், அலறலைச் சொல்ல முடியாது.

2019 ஜூன் 13 அன்று ஆர்லாண்டோவில் கதவு திறந்தது. 'ஹாக்ரிட்ஸ் மேஜிக்கல் கிரீச்சர்ஸ் மோட்டார்பைக் அட்வெஞ்சர்'. பேரைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஒரு சுற்று வந்துவிடும். முதல் நாள் வரிசை பத்து மணி நேரம் வரை நீண்டது. தடத்தின் நீளம் 1,540 மீட்டர். பெரிய மலை ஒன்றில் ஏற்றிவிட்டு மொத்த வேகத்தையும் அங்கேயே கொடுத்துவிடாமல், வழியில் ஏழு இடங்களில் உந்தித் தள்ளுகிறார்கள். ஊஞ்சலில் இருப்பவருக்கு வேகம் குறையும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளுவோமே, அப்படி. அதனால் தடம் தரையோடு தரையாகவே ஓடலாம். சுற்றிலும் 1,200 நிஜ மரங்கள் நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பொருள் சட்டென்று கடந்து போவதால், மரங்களுக்கு நடுவே 80 என்பது வெட்டவெளியில் 80 போல இருக்காது. இங்கேயும் தடத்தோடு சேர்ந்து விழும் இருட்டறை ஒன்று உண்டு. புலியா பூனையா என்றால், காட்டுப்பூனை. இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றி.

இருக்கைதான் அழகு. ஒருவர் மோட்டார் சைக்கிளில் கால் போட்டு உட்கார்வார், மற்றவர் ஒட்டிய பக்கப்பெட்டியில் தாழ்வாக உட்கார்வார். எது நல்ல இடம் என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பைக்தான், இதில் என்ன சந்தேகம்!

இனி இரண்டாவது கேள்வி. டிராகன்களில் ஏற 137 சென்டிமீட்டர் உயரம் வேண்டியிருந்தது. வெலாசிகோஸ்டருக்கு 130. ஹாக்ரிட் வண்டிக்கு 122.

இந்த 122 தெரியவந்த அன்று அக்கா மகள் கதவுநிலையில் நின்று அளந்தாள். 121.

"நான் பயப்படவே மாட்டேனே மாமா! அப்புறம் ஏன்?"

அந்த அளவுகோல் தைரியத்தை அளப்பதில்லை. மடியில் இறங்கிப் பூட்டும் கம்பி இருக்கிறதே, அது தொடையின் மேல்பகுதியிலும் இடுப்பிலும் சரியாக அமர வேண்டும். வண்டி மேட்டைத் தாண்டி எடை இல்லாமல் போகிற கணத்தில் உங்களை இருக்கையோடு வைத்திருப்பது அது மட்டும்தான். உடம்பு சின்னதாக இருந்தால் கம்பிக்கும் மடிக்கும் நடுவே சந்து விழும். அதே கம்பி, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால்தான் பூட்டிக்கொள்ளும் என்பதால், பெரிய உடம்புக்காரர்களும் ஏற முடியாமல் திரும்புவதுண்டு. பத்து மணி நேரம் நின்றபின் அப்படித் திரும்பினால் எப்படி இருக்கும்! அதற்காகவே வாசலில் மாதிரி இருக்கை ஒன்றை வைக்கிறார்கள். முதலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரிசைக்குப் போகலாம்.

சக்கர நாற்காலியில் வருபவர் இத்தகைய வண்டிகளில் நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறி உட்கார வேண்டும். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் அவரை எப்படி இறக்குவது என்பதையும் பொறியாளர் முதல் நாளே வரைந்து வைக்க வேண்டும். பயணிகள் ஏறும் இடத்தில் தரையே நகரும் பட்டையாக ஓடினால், வரிசை சீக்கிரம் நகரும். ஆனால் தடுமாறி நடப்பவருக்கு அதுவே மதில். டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரில் 2010-ல் திறந்த மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட் பூங்காவில், நாற்காலியை உருட்டியபடியே ஏறி ஆடும் ஊஞ்சல் இருக்கிறது. அங்கே வரைபடம் போடத் தொடங்கியதே அந்த நாற்காலியிலிருந்துதான். அதே யோசனையை 80-ல் பறந்து, வளைந்து, பின்னால் விழும் வண்டிக்குள் கொண்டுவருவது கடினமான பொறியியல். ஆனால் எனக்கு வெறும் வேகச் சாதனைகளைவிட அதைத்தான் பார்க்க ஆசை.

121-க்கு வருவோம். அன்று மாலை அவளிடம் ஒரு விஷயம் சொன்னேன். நம் முதுகெலும்புகளுக்கு நடுவே பஞ்சுபோன்ற வட்டுகள் இருக்கின்றன. பகல் முழுக்க நின்று, நடந்து, குதித்து அவை கொஞ்சம் அமுங்கும். இரவு படுத்தால் மறுபடி உப்பும். அதனால் மாலையைவிடக் காலையில் நாம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம்.

மறுநாள் ஆறு மணிக்கு யாரோ என் போர்வையை இழுத்தார்கள்.

"மாமா, எழுந்திரிங்க. ஸ்கேல் எங்க?"