நாற்சில்லு இயக்கமும் மண்பாதைப் பந்தயமும்

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்பது நம் முன்னோர் மொழி. நான்கு காலையும் ஊன்றி நடக்கும் ஆனைக்கே அது பொருந்துமாயின், நான்கு சில்லுகளாலும் நிலத்தை உந்திச் செல்லும் மோட்டார் வண்டிக்கும் அது பொருந்துமன்றோ? எனினும், "இது நாற்சில்லு இயக்கமுடைய வண்டி, இதற்குச் சேறென்ன, மணலென்ன!" என்று எண்ணி ஏமாறுவோர் பலர். அத்தகைய வண்டி செய்யவல்லது யாது, செய்யவியலாதது யாது என்பதை உணர்ந்து, பழைய வண்டியொன்றைப் பேணியும் திருத்தியும் மண்பாதைப் பந்தயத்துக்கு ஆயத்தஞ் செய்வது எங்ஙனம் என இக்கட்டுரையில் ஆராய்வோம். இப்பந்தயத்தில் ஈடுபடுவோருட் பலர் பொழுதுபோக்காளர். ஞாயிறன்று பந்தயத்தில் ஓடிய அதே வண்டியிலே திங்களன்று வேலைக்குச் செல்பவர். வண்டி முறிந்தால் அவர் இழப்பது வெற்றியை மட்டுமன்று.

றலிகிறொஸ் எனப்படும் இப்பந்தயம் இங்கிலாந்திலே பிறந்தது. 1967ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி, கென்ற் மாகாணத்து லிட்டன் மைதானத்தில் தொலைக்காட்சிக்கென நடத்தப்பட்ட முதற் போட்டியில் விக் எல்போட் என்பார் போர்ஷே 911 வண்டியைச் செலுத்தி வெற்றி பெற்றார். பாதி தாரும் பாதி மண்ணுமான சுற்றுப்பாதையில் வண்டிகள் பல ஒருங்கே ஓடுவது அதன் மூல வடிவம். அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகம், 1944இல் நிறுவப்பெற்றது, பொழுதுபோக்காளருக்கென நடத்தும் றலிகிறொஸ் இதனின் வேறானது. ஒரு புல்வெளியிலோ மண்வெளியிலோ கூம்புகளை நட்டுப் பாதை வகுப்பர், வண்டிகள் ஒவ்வொன்றாக ஓடும், எதிராளி கடிகாரமே. அன்றைய ஓட்டங்கள் அனைத்தின் நேரமும் கூட்டப்படும். கூம்பொன்றைத் தட்டினால் 2 செக்கன், வாயிலொன்றைத் தவறவிட்டால் 10 செக்கன் தண்டமாகச் சேரும்.

கூட்டு நேரமே முடிவு செய்யும் என்னும் இவ்விதியை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஓரோட்டத்தில் மின்னலெனப் பாய்ந்து அடுத்த ஓட்டத்தில் அச்சு முறிந்து நிற்கும் வண்டிக்கு இங்கே பயனில்லை. காலை முதல் மாலை வரை ஒரே சீராக ஓடும் வண்டியே வெல்லும். ஆகையால், இத்துறையிற் பேணுதலே முதன்மையானது. திருத்துதல் அதற்குப் பிற்பட்டது.

இனி, எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைக் கொள்வோம். யப்பானிய நிறுவனமாகிய சுபாரு 1972இலேயே லியோன் என்னும் வண்டியில் நாற்சில்லு இயக்கத்தைப் புகுத்தியது. 1980இல் ஜெனீவாக் கண்காட்சியில் வெளிவந்த அவுடி குவாற்றோ அவ்வியக்கத்தின் ஆற்றலை றலிப் பந்தய உலகுக்கு உணர்த்தியது. 1992இல் தோன்றிய சுபாரு இம்பிரேசா 1995, 1996, 1997 ஆகிய மூன்றாண்டும் உலக றலிப் பந்தயத்திலே தயாரிப்பாளர் பட்டத்தை ஈட்டியது. அதன் முதற்றலைமுறை வண்டிகள் 2000ஆம் ஆண்டளவில் நின்றுவிட்டன. சாதாரண மக்களுக்காகச் செய்யப்பட்ட 1.8, 2.2, 2.5 லீற்றர் எஞ்சின் வண்டிகளே இன்று அமெரிக்கப் பொழுதுபோக்காளர் பலருக்குக் கைகொடுக்கின்றன. வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவில் விற்கப்பட்ட இம்பிரேசாக்களுட் சில முற்சில்லுகளால் மட்டும் இயங்குவன. கீழே குனிந்து, பின்னச்சுக்குச் செல்லும் தண்டு உண்டோ என்று பார்த்தபின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தல் வேண்டும்.

நாற்சில்லு இயக்கத்தின் உட்பொருளைச் சற்றே விளக்குவோம். வண்டி வளையும்போது வெளிப்புறச் சில்லு நெடுந்தூரமும் உட்புறச் சில்லு குறுந்தூரமும் உருள்கின்றன. மாட்டு வண்டியின் சில்லுகள் அச்சிலே தனித்தனியாகச் சுழல்வதால் அங்கே இடரில்லை. எஞ்சின் உந்தும் சில்லுகளிரண்டையும் ஒரே தண்டிற் பிணைத்துவிட்டால், ஒன்று நிலத்தில் உராய்ந்து இழுபடும். இதனைத் தவிர்க்க இடையில் அமைக்கப்படும் பற்சக்கரத் தொகுதியே டிபறென்சியல். நான்கு சில்லுகளும் வெவ்வேறு ஆரையுடைய வில்லிலே செல்வதால், முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று என மூன்று டிபறென்சியல்கள் வேண்டப்படுகின்றன.

டிபறென்சியலுக்கு ஒரு குறையுண்டு. அது இரு பக்கமும் சமமான முறுக்கத்தையே கொடுக்கும். ஒரு சில்லு பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கினால், அது வீணே சுழல, மற்றச் சில்லுகள் வலுவிழந்து நிற்கும். இக்குறையைப் போக்க, இம்பிரேசாவின் கைக்கியர் வண்டிகளில் நடு டிபறென்சியலோடு பிசுக்குமை இணைப்பொன்று பொருத்தப்பட்டுள்ளது. மூடிய கலமொன்றில் மெல்லிய தகடுகள், முன்னதற்கொன்று பின்னதற்கொன்றாக மாறிமாறி அடுக்கப்பட்டு, சிலிக்கோன் திரவத்தில் மூழ்கியிருக்கும். இரு அச்சுகளும் ஒத்த வேகத்திற் சுழலுங்கால் திரவம் வாளாவிருக்கும். ஒன்று விரைந்து சுழலின், திரவத்தின் பிசுக்குமை மற்றத் தகடுகளையும் உடன் இழுக்கும். அதனால் வெப்பமும் பிறக்கும்.

இங்கேதான் ரயர்களின் பரிதி முக்கியமாகின்றது. ரயரின் மேற்றோல் ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தால் ஆரை ஒரு மில்லிமீற்றர் குறையும், பரிதியோ 6.28 மில்லிமீற்றர், அஃதாவது ஏறக்குறையக் கால் அங்குலம் குறையும். நான்கு ரயர்களின் பரிதி வேறுபாடு அக்கால் அங்குலத்தைத் தாண்டலாகாது என்பது சுபாரு நிறுவனத்தின் அறிவுறுத்தல். ஒரு ரயர் கிழிந்ததென்று ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால், நேரான பாதையிலும் பிசுக்குமை இணைப்பு ஓயாது உழைத்து, சூடேறி, நாளடைவிற் கெடும். கெட்டதை அறிய எளிய வழியுண்டு. உலர்ந்த தார்த் தளத்திலே சுக்கானை முற்றாகத் திருப்பி மெல்ல வட்டமிட்டால், இணைப்பு இறுகிய வண்டி யாரோ பின்னின்று பிடித்திழுப்பதுபோல் விக்கி விக்கிச் செல்லும்.

இன்னொன்றையும் கூறல் வேண்டும். நாற்சில்லு இயக்கம் ஆர்முடுகலுக்கு உதவும்; அமர்முடுகலுக்கு உதவாது. எந்த வண்டியும் பிறேக் பிடிக்கும்போது நான்கு சில்லுகளாலுமே நிற்கின்றது. எனவே, விரைவில் வேகங்கொண்ட நாற்சில்லு வண்டி, மற்ற வண்டிகளினும் மிகுந்த வேகத்தோடு வளைவை அடைந்து, அவற்றுக்குரிய அதே பிடியையே அங்கே பெறுகின்றது. ஆனைக்கு அடி சறுக்கும் இடம் இதுவே.

இனிப் பேணுதலைப் பார்ப்போம். கால் நூற்றாண்டைக் கடந்த வண்டியில் முதற்கண் ஆராயத்தக்கது கறள். பனிக்காலத்தில் உப்பிடும் வீதிகளில் ஓடிய வண்டிகளின் பின் அதிர்வுதாங்கிகள் பொருந்துமிடமும், பிறேக் எண்ணெய்க் குழாய்களும் உள்ளே அரித்துப்போயிருத்தல் கூடும். மேலே பூசிய வர்ணம் கண்ணைக் கவரலாம். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தாற்றான் உண்மை புலப்படும். அரித்துப்போன உடலில் எத்தனை நல்ல உறுப்பைப் பொருத்தியும் பயனில்லை.

அடுத்தது எஞ்சினின் பற்பெல்ற். 1990களின் பிற்பகுதி வண்டிகள் பலவற்றுக்கு 105,000 மைலில் அதனை மாற்றுதல் வேண்டுமென நிறுவனம் வகுத்தது. எனினும், றப்பர் தூரத்தால் மட்டுமன்றி வயதாலும் தளரும். 2.5 லீற்றர் எஞ்சினில் அப்பெல்ற் அறுந்தால் வால்வுகளும் பிஸ்ரன்களும் மோதிச் சிதைந்துவிடும். முந்தைய உரிமையாளர் மாற்றியதற்குச் சான்றில்லையெனின், வாங்கியவுடனேயே பெல்ற்றையும், அதனை வழிநடத்தும் உருளைகளையும், நீர்ப்பம்பியையும் ஒருசேர மாற்றுதல் அறிவுடைமை. அதே 2.5 லீற்றர் எஞ்சினுக்குத் தலைக் காஸ்கற் பழுதும் பேர்போனது. குளிர்விக்கும் நீரின் கலத்திலே குமிழிகள் எழுதல், காரணமின்றி வெப்பநிலை ஏறுதல் ஆகியன அதன் அறிகுறிகள். றேடியேற்றரின் முகத்தில் அப்பிய சேற்றினாலும் வெப்பநிலை ஏறுமாதலின், முதலில் அதனைக் கழுவிய பின்னரே காஸ்கற்றைச் சந்தேகித்தல் வேண்டும்.

கைக்கியர் வண்டிகளில் கியர்ப் பெட்டிக்கும் முன் டிபறென்சியலுக்கும் ஒரே எண்ணெய், ஏறக்குறைய 3.5 லீற்றர். பின் டிபறென்சியலுக்கு 0.8 லீற்றர் தனியே. மிகச் சிறிய அளவான இந்த 0.8 லீற்றரையே பலர் மறந்துவிடுகின்றனர். எண்ணெயை வடிக்கும்போது காந்தத் திருகாணியில் ஒட்டியிருப்பதை உற்று நோக்குக. நுண்டூள் இயல்பானது, பல்லின் துண்டு காணப்படின் வண்டியைப் பந்தயத்துக்குக் கொண்டு செல்லற்க. சில்லுகளுக்கு வலுவூட்டும் தண்டுகளின் மூட்டுகளை மூடிய றப்பர் உறைகளும் அவ்வாறே. உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறும்; மண் உட்புகும்; மூட்டு விரைவில் அரைபட்டுப் போகும். நாற்சில்லு வண்டியில் இத்தகைய உறைகள் எட்டு. இருசில்லு வண்டியினும் இருமடங்கு உறுப்புகள் உழைப்பதால் இருமடங்கு கவனமும் வேண்டும்.

நிற்க. திருத்துதலுக்கு வருவோம். மேற்சொன்ன கழகம் வண்டிகளை மாற்றஞ் செய்யாதவை, அளவோடு ஆயத்தஞ் செய்தவை, பெரிதும் மாற்றியவை எனப் பிரித்து, இயங்கும் சில்லுகளுக்கேற்பவும் வகுத்துள்ளது. ஒரு சிறு மாற்றம் வண்டியை மேல் வகுப்புக்குத் தள்ளிவிடலாம். ஆதலால் ஆயுதத்தை எடுக்குமுன் அவ்வாண்டின் விதிநூலை எடுத்தல் நன்று.

செலவழிக்கும் பணத்துக்கு மிகுந்த பயன் தருவது ரயரே. தளர்ந்த மண்ணில் அகன்ற ரயர் மேலே மிதக்கும். ஒடுங்கிய ரயர் மேல்மண்ணைக் கிழித்து அடியிலுள்ள இறுகிய நிலத்தைப் பற்றும். 15 அங்குலச் சில்லும் உயர்ந்த பக்கச்சுவருடைய ரயரும் குழிகளின் அடியைத் தாங்கிக் கொள்ளும். றலிக்கென்றே செய்த ரயர்களை வாங்க இயலாதோர் பனிக்கால ரயர்களைக் கொண்டு நன்கு ஓடுகின்றனர். எதுவாயினும் நான்கும் ஒரே வகையாயிருத்தல் வேண்டும்.

இரண்டாவது காப்பு. எஞ்சினின் அடியில் ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத் தகடொன்றைப் பூட்டுதல் எண்ணெய்த் தொட்டியைக் கல்லினின்று காக்கும். மூன்றாவது தாங்குமுறை. வண்டியைத் தாழ்த்துவது தார்ப்பாதைக்கு அழகு, மண்பாதைக்குக் கேடு. அளவுக்கு மீறி உயர்த்துவதோ தண்டு மூட்டுகளைக் கோணலாக்கி உறைகளைக் கிழிக்கும். இம்பிரேசாவின் எஞ்சின் முன்னச்சுக்கும் முன்னே அமைந்திருப்பதால், வளைவிலே மூக்கு வெளிப்புறமாகச் செல்ல நாடும். பின்புறத்துக்குச் சற்றுத் தடித்த சாய்வுதடுக்கும் தண்டைப் பூட்டினால் வண்டி எளிதில் திரும்பும்.

பின் டிபறென்சியலை மாற்றப் புகுவோர் ஒரு கணக்கைச் செய்தே தீரவேண்டும். சுபாரு வண்டிகளில் இறுதி விகிதம் 3.90, 4.11, 4.44 எனப் பலவாறாக உண்டு. முன்னதும் பின்னதும் ஒவ்வாதுபோயின் நடு டிபறென்சியல் சிறிது தூரத்திலேயே அழியும். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு மாதிரியாக விற்கப்பட்ட டபிள்யூ. ஆர். எக்ஸ். வண்டியில் பின் விகிதம் 3.545 என்று கண்டு மயங்கற்க. அங்கே நடுவில் 1.1 என்னும் விகிதம் உண்டு. இரண்டையும் பெருக்கினால் 3.90 வரும். பெட்டியின் மேல் எழுதிய எண்ணை மட்டும் நம்பாது, பற்களை எண்ணிப் பார்த்தலே உறுதி.

எஞ்சினின் வலுவைக் கூட்டுதலை நாம் இறுதியில் வைக்கின்றோம். தளர்ந்த மண்ணிலே சில்லு சறுக்குவது கியர்ப் பெட்டிக்கு ஒருவகைப் பாதுகாப்பு. நல்ல பிடியுள்ள தரையில், கூட்டிய வலுவோடு கிளச்சைத் திடீரென விடுத்தால், நான்கு சில்லும் பற்றிக் கொள்ள, முறிவதற்கு எஞ்சியிருப்பது கியரின் பல்லே. ஐந்து கியர்ப் பெட்டிக்கு இவ்வகையிற் கெட்ட பெயர் உண்டு.

பந்தயத்தன்று இரண்டு ஓட்டங்களுக்கு இடையே செய்ய வேண்டியன சில: சில்லு நட்டுகளை முறுக்கிப் பார்த்தல், வெப்பமானியை நோக்குதல், காற்றுவடியின் புழுதியைத் தட்டுதல், சில்லின் உட்புறத்துச் சேற்றைச் சுரண்டுதல். வீடு திரும்பியதும் அடிப்புறத்தை நீரால் நன்கு கழுவுதல் வேண்டும். ஈரமண் தங்குமிடத்திலே கறள் பிறக்கும். கழுவும்போதே புதிய வெடிப்புகளும் கண்ணிற் படும்.

பாதுகாப்பைப் பற்றியும் சில கூறுவோம். தகுதிச் சான்று பெற்ற தலைக்கவசம், நல்ல ஆசனப்பட்டி, அசையாது பிணைத்த பற்றறி, உதிரிப் பொருளின்றி வெறுமையாக்கிய உட்புறம் ஆகியன இல்லாத வண்டியை ஓடவிடலாகாது. பார்வையாளர் நிற்குமிடமும் பாதையினின்று தொலைவிலிருத்தல் வேண்டும். நம் நாட்டிலே, 2024 ஏப்பிரல் 21ஆந் திகதி, தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் வண்டியொன்று பாதை விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்ததால் ஏழு உயிர்கள் பலியாயின. மண்பாதையைத் தேடி நம் இளைஞர் செல்வாராயின், அந்நாளை நினைவிற் கொண்டே செல்லுதல் வேண்டும்.

ஆரை, பரிதி, உராய்வு, பிசுக்குமை, முறுக்கம் என்று நம் மாணவர் வகுப்பறையிற் கற்கும் சொற்கள் யாவும் இப்பழைய வண்டியின் அடியிலே சேறு பூசிக் கிடக்கின்றன. புதிய வண்டி வாங்கப் பொருளில்லையே என்று வருந்தும் இளைஞர், பழையதொன்றைத் தம் கையாலேயே கழற்றிப் பூட்டப் பழகுவாராக. பந்தயத்தில் முதலிடம் கிட்டாவிடினும், திங்கட்கிழமை காலையில் அவ்வண்டி தவறாது இயங்கும்.