வக்கீல் வெப்சைட்ல உங்க கதையை டைப் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வேலையை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு, ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் இன்னும் வரல. இல்லன்னா பர்சனல் லோன் இஎம்ஐ மூணு தடவை பவுன்ஸ் ஆகி, ரெகவரி ஏஜென்ட் உங்க ஆபீஸுக்கே போன் போடுறார். இந்த மாதிரி நேரத்துல பல பேர் பண்றது ஒண்ணுதான். கூகுள்ல தேடி, முதல்ல வர்ற சட்ட நிறுவனத்தோட வெப்சைட்டைத் திறந்து, ‘கான்டாக்ட் அஸ்’ ஃபார்ம்ல மொத்தக் கதையையும் கொட்டிடுவாங்க. சம்பளம், கடன் பாக்கி, மேனேஜர் பேரு, பான் நம்பர் எல்லாம் அதுல இருக்கும். சில பேர் பேஸ்லிப்பையும் சேர்த்தே அனுப்பிடுவாங்க.

வக்கீல்கிட்டதானே சொல்றோம், வெளியே போகாதுன்னு ஒரு நம்பிக்கை. அந்தப் பாதுகாப்பு எப்போ ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க.

இந்தியாவுல ஒரு சட்ட நிறுவனத்தோட வெப்சைட்டைத் திறந்தா, பெரும்பாலும் முதல்ல ஒரு பெட்டி வரும். ‘நானாகத்தான் தகவல் தேடி வந்தேன், யாரும் என்னை அழைக்கல’ங்கிற மாதிரி நாலு வரி, கீழே ‘ஐ அக்ரீ’. இதை பிரைவசி சம்மதம்னு நினைச்சு அழுத்துறவங்க நிறைய. அது இல்லீங்க. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவோட 36-வது விதிப்படி வக்கீல்கள் விளம்பரம் பண்ணக் கூடாது. 2008-ல ஒரு தளர்வு வந்தது. பேரு, முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில வழக்கு நடத்துறாங்க போன்ற விவரங்களை மட்டும் வெப்சைட்ல போட்டுக்கலாம். அந்த விதியை மீறலன்னு காட்டத்தான் இந்தப் பெட்டி. அதாவது அது அவங்களுக்கான கவசம். உங்க தகவலை என்ன செய்வாங்கங்கிறது பக்கத்தோட அடியில சின்ன எழுத்துல இருக்குற ‘பிரைவசி பாலிசி’லதான் இருக்கும்.

அதே சின்ன எழுத்துல இன்னொரு வரியும் அடிக்கடி இருக்கும்: ‘இந்த ஃபார்மை அனுப்புவதால் வக்கீல் - கட்சிக்காரர் உறவு உருவாகாது.’ இந்த வரியைத்தான் நீங்க தவறாம கவனிக்கணும். 2024 ஜூலை 1 முதல் அமல்ல இருக்குற பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 132-ல, கட்சிக்காரர் சொன்னதை அவரோட சம்மதம் இல்லாம வக்கீல் வெளியிடக் கூடாதுன்னு சொல்லுது. ஆனா அது வக்கீலா உங்களுக்கு வேலை பார்க்கும்போதும், அந்த வேலைக்காகவும் சொன்ன விஷயத்துக்கு. அவர் உங்க வழக்கை எடுத்துக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஃபார்ம்ல எழுதினதுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டான்னு வாதாட இடம் இருக்கு. வாதாட இடம் இருக்குங்கிறதே நமக்கு ரிஸ்க்தான்.

யோசிச்சுப் பாருங்க. நீங்க எந்தக் கம்பெனி மேல புகார் சொல்றீங்களோ, அதே கம்பெனி அந்த நிறுவனத்தோட பழைய கட்சிக்காரரா இருந்தா? ‘ரிசைன் பண்றப்போ சில ஃபைலை என் பெர்சனல் மெயிலுக்கு அனுப்பிட்டேன்’னு நீங்க எழுதின வரி அவங்க இன்பாக்ஸ்ல உக்காந்திருக்கும். அதனால எதிர்த்தரப்போட பேரை மட்டும் கண்டிப்பா சொல்லுங்க. அவங்களுக்காக ஏற்கனவே வேலை பார்க்குறாங்களான்னு சரிபார்க்க அது வேணும். உங்க பக்கத்து பலவீனத்தை அப்புறம் நேர்ல சொல்லிக்கலாம்.

சரி, தகவல் பாதுகாப்புச் சட்டம்? 2011-ல வந்த ஐடி விதிகள் பார்ட்னர்ஷிப்பா நடக்குற சட்ட நிறுவனத்தையும் தொடும், ஏன்னா ‘தொழில்முறைச் சேவை’ செய்யுற அமைப்புகளும் அதுக்குள்ள வருது. வெப்சைட்ல பிரைவசி பாலிசி இருக்கணும், குறைதீர்க்கும் அதிகாரி பேரும் தொடர்பும் போட்டிருக்கணும், புகாருக்கு ஒரு மாசத்துல தீர்வு சொல்லணும். ஆனா அந்த விதிகள்ல ‘சென்சிடிவ்’ன்னு தனிப் பாதுகாப்பு கிடைக்கிறது பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு, கார்டு விவரம், உடல்நலம், பயோமெட்ரிக் மாதிரி சிலதுக்குத்தான்.

அடுத்தது 2023-ல நிறைவேறின டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதோட விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம். அது முழுசா அமலுக்கு வந்ததும், கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்குறது கொடுத்த அளவுக்கே சுலபமா இருக்கணும். தகவலைப் பாதுகாக்கத் தவறினா அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம். ஆனா ஒண்ணு: நீங்களா ஒரு காரணத்துக்காக விரும்பிக் கொடுத்த தகவலை, அந்தக் காரணத்துக்குப் பயன்படுத்தத் தனிச் சம்மதம் தேவையில்லை.

இப்போ போலிகளைப் பத்தி. இன்ஸ்டாகிராம்ல ‘உங்க லோனை பாதியா குறைக்கிறோம், எங்க வக்கீல் டீம் ரெடி’ன்னு விளம்பரம் வருதா? வக்கீல் விளம்பரமே பண்ணக் கூடாதுன்னு மேலே பார்த்தோம். 2024 ஜூலைல சென்னை உயர் நீதிமன்றமும், ஆன்லைன் தளங்கள் வழியா ஆள் பிடிக்கிற வக்கீல்கள் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. அந்த மாதிரி தளத்துல பான் நம்பரும் ஓடிபியும் கேட்டாங்கன்னா, அந்த டேபை மூடிடுங்க. உங்க நம்பர் யார் யாருக்குக் கைமாறும்னு சொல்லவே முடியாது.

நிஜமான நிறுவனம்னா ஃபார்ம்ல இவ்வளவு போதும்: ‘சம்பள பாக்கி விஷயமா ஆலோசனை வேணும். எதிர்த்தரப்பு இந்தக் கம்பெனி. மாலை 7 மணிக்கு மேல கூப்பிடுங்க.’ பேஸ்லிப், ஆஃபர் லெட்டர், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வக்காலத்துல கையெழுத்து போட்ட பிறகோ, எங்கேஜ்மென்ட் லெட்டர் வந்த பிறகோ கொடுத்தா போதும். இதை ஆபீஸ் லேப்டாப்ல, ஆபீஸ் வைஃபைல பண்ணாதீங்க. எந்த வக்கீல் வெப்சைட்டுக்குப் போனீங்கன்னு ஐடி டீமால பார்க்க முடியும்.

ஏற்கனவே எல்லாத்தையும் அனுப்பிட்டீங்களா? வேற வக்கீலைப் பார்த்தாச்சுன்னா, பழைய இடத்தோட குறைதீர்க்கும் அதிகாரிக்கு ரெண்டு வரி மெயில் போடுங்க: ‘இந்தத் தேதியில் அனுப்பிய என் விவரங்களுக்கான சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அழித்துவிட்டு உறுதிப்படுத்தவும்.’ அந்த மெயிலையும் வர்ற பதிலையும் தனி ஃபோல்டர்ல போட்டு வைங்க.