‘புஷ்’ வேற, ‘ஷவ்’ வேற! தள்ளுவதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்?

ஆபீஸ் லிஃப்ட் வாசலில் கூட்டம். பின்னால் நின்றவர் தள்ளியதில் ஒருவர் கீழே விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்.ஆருக்கு ஆங்கிலத்தில் மெயில் போட வேண்டும். ‘புஷ்டு’ என்று எழுதுவதா, ‘ஷவ்டு’ என்று எழுதுவதா? ‘ரெண்டும் தள்ளுறதுதானே’ என்று விட்டுவிட முடியாது. சொல் மாறினால் சம்பவமே வேறாகத் தெரியும்.

புஷ்: பொதுவான சொல். கதவு, டிராலி, குழந்தையின் தள்ளுவண்டி என எல்லாவற்றுக்கும் இதுதான். மெதுவாகவும் தள்ளலாம், வேகமாகவும் தள்ளலாம். இந்தச் சொல்லில் மட்டும் கோபம் தெரியாது.

ஷவ்: ‘லவ்’ மாதிரி உச்சரிக்க வேண்டும், ‘ஷோவ்’ அல்ல. முரட்டுத்தனமாகத் தள்ளுவது. ‘புடிச்சுத் தள்ளிட்டான்’ என்கிறோமே, அதே தொனி. துணியை மடிக்காமல் பைக்குள் அமுக்குவதும் ஷவ்தான்.

த்ரஸ்ட்: சட்டென்று, ஒரே திசையில், பலமாக. ‘வேண்டாம்’ என்பவர் கையில் பணத்தைத் திணிப்பது இந்த வகை. இறந்தகாலத்திலும் ‘த்ரஸ்ட்’தான், ‘த்ரஸ்டட்’ கிடையாது. ராக்கெட்டின் உந்துவிசைக்கும் இதே சொல்தான்.

ஜாஸில்: எழுத்தில் ‘டி’ உண்டு, ஒலியில் கிடையாது. கூட்டத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு முண்டியடிப்பது. பெரும்பாலும் இதில் தனியாக ஒருவரைக் கைகாட்ட முடியாது.

நட்ஜ்: ‘அங்க பாரு’ என்று முழங்கையால் லேசாக இடிப்பது. ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008-ல் எழுதிய புத்தகத்தின் பெயரும் இதுதான். கட்டாயப்படுத்தாமல் மக்களை நல்ல முடிவு எடுக்க வைப்பது பற்றியது அது. தேலருக்கு 2017-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

அப்போ மெயிலில் என்ன எழுதுவது?

தெரியாமல் மோதியவரைப் பற்றி ‘ஷவ்டு’ என்று எழுதினால், அவர் மீது வீண் பழி. அதற்கு ‘பம்ப்டு இன்டு’ இருக்கிறது. வேண்டுமென்றே முரட்டுத்தனமாகத் தள்ளியதை ‘நட்ஜ்டு’ என்று எழுதினால், புகாரே நீர்த்துப்போகும்.

தள்ளியது உறுதி, நோக்கம்தான் தெரியவில்லை என்றால் ‘புஷ்டு’ போதும். ஆனால், அதோடு நிறுத்த வேண்டாம். கை எங்கே பட்டது, எவ்வளவு பலமாக, அதற்கு முன்பு என்ன பேச்சு நடந்தது, விழுந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதை அடுத்த வரிகளில் எழுதுங்கள். நோக்கம் என்ன என்பதைப் படிப்பவர் அதிலிருந்துதான் முடிவு செய்வார்.