மலையிலிருந்து மோட்டாரை இறக்க ஒரு குட்டி டிரெய்லர்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிளை யாரும் ஆடம்பரமாக நினைப்பதில்லை. அது எங்களுக்குக் கால் மாதிரி. காலையில் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடவும், மாலையில் ரிங்லெட் கடைத்தெருவில் அரிசி வாங்கவும், இரவில் காய்ச்சல்காரரைக் கிளினிக்கிற்குக் கொண்டுபோகவும் ஒரு கெப்சாய்தான் துணை. 1958-ல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழிவந்த வண்டி அது. 2017-ஆம் ஆண்டுக்குள் உலகம் முழுவதும் பத்துக் கோடி சூப்பர் கப்கள் தயாராகிவிட்டன. அந்தக் குடும்பத்தின் ஈஎக்ஸ்5 நிற்காத லயத்து வாசல் எங்கள் பக்கத்தில் அரிது.

ஆனால் அந்தக் கால் ஒருநாள் முடமானால் என்ன செய்வது? எஞ்சின் திறக்க வேண்டுமென்றால் பலர் தாப்பாவுக்குத்தான் இறங்குகிறார்கள். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. ஓடாத வண்டியை லோரியில் ஏற்ற நான்கு பேர் வேண்டும். மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது கை நழுவினால் வண்டியும் போகும், இடுப்பும் போகும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக நானும் என் மாமாவும் சேர்ந்து செய்த ஒற்றை மோட்டார் டிரெய்லரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அப்பாவின் வண்டி

செய்யத் தூண்டியது அப்பாவின் பணி ஓய்வு. தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மலேசியத் தோட்டங்களில் வாழ்ந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அப்பா தேயிலைக் காட்டில் முப்பத்தெட்டு வருடம் உழைத்தவர். கையால் கொழுந்து கிள்ளிய காலம், கத்தரியால் வெட்டிய காலம், இரண்டு பேர் பிடிக்கும் இயந்திரம் வந்த காலம் என மூன்றையும் பார்த்தவர். தாப்பாவில் தம்பி வீட்டுக்குப் போக ஒப்புக்கொண்டார். கட்டில், பீரோ, தையல் மெஷின் எதை விற்றாலும் சரி என்றார். “மோட்டாரை மட்டும் விக்க மாட்டேன். நானே ஓட்டிக்கிட்டு எறங்கிடுறேன்” என்பதில் உறுதியாக இருந்தார்.

அவருடைய வலது முட்டி மடங்குவதில்லை. பின் பிரேக்கை அந்தக் காலால்தான் மிதிக்க வேண்டும். வண்டியிலோ முன்னும் பின்னும் பழைய டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அந்தக் கணக்கில் அப்பாவும் சேர வேண்டுமா?

மாமாதான் வழி சொன்னார். “மச்சானை ஏன்டா தடுக்குறே? அவரையும் வண்டியையும் சேர்த்தே எறக்குவோம். என் லேண்ட் ரோவருக்குப் பின்னால ஒரு குட்டி டிரெய்லர் கட்டுவோம்.”

லேண்ட் ரோவர் ஊர்

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-ல் இந்த மேட்டுநிலத்தைக் குறித்துவைத்தார். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்டதில் நம் முன்னோரின் கை இருக்கிறது. பிற்காலத்தில் இந்த மலைக்கு இன்னொரு அடையாளமும் வந்தது: பழைய லேண்ட் ரோவர். காய்கறித் தோட்டங்களின் சேற்றுப் பாதையில் முட்டைக்கோசு மூட்டைகளைச் சுமக்க அதற்கு இணையில்லை என்பதால் நூற்றுக்கணக்கில் இங்கே தங்கிவிட்டன. அதனால் பட்டை ஸ்பிரிங் மாற்றவும், சேசிஸ் ஒட்டுப்போடவும், ஹப் கழற்றவும் தெரிந்த கைகள் எங்கள் மலையில் ஏராளம். மாமாவும் அப்படி ஒருவர்.

“லேண்ட் ரோவரின் பின்னாலேயே மோட்டாரை ஏற்றலாமே?” என்று வாசகர்கள் கேட்கலாம். அதன் தளம் இடுப்பு உயரம். டிரெய்லரின் தளத்தை 45 சென்டிமீட்டர் உயரத்தில் அமைத்தோம். 1.8 மீட்டர் பலகையைச் சாய்த்தால் இரண்டு பேர் உருட்டியே ஏற்றிவிடலாம். பின்புறம் வீட்டுச் சாமான்களுக்கும் காலியாக இருக்கும்.

முதலில் ஜேபிஜே, பிறகு இரும்பு

இரும்பு வாங்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் கேளுங்கள். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் டிரெய்லரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வீட்டில் செய்த வண்டி என்பதற்காகச் சலுகை கிடையாது. வரைபடத்தைக் காட்டி, என்ன அளவு, என்ன விளக்கு, எந்தப் பரிசோதனை, என்ன பதிவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. இழுக்கும் வண்டியின் காப்புறுதி டிரெய்லருக்கும் பொருந்துமா என்பதைக் காப்புறுதி முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தாள்கள் கைக்கு வரும்வரை எங்கள் டிரெய்லர் பொதுச் சாலையில் சக்கரம் வைக்கவில்லை.

சட்டகமும் சக்கரமும்

சட்டகத்துக்கு 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 3 மில்லிமீட்டர் கனம். இது மீட்டருக்கு நாலேகால் கிலோ எடை வரும். நீளம் ஏழடி, ஈஎக்ஸ்5-இன் நீளம் ஆறடியைச் சற்றுத் தாண்டும், ஆகவே இது போதும். இழுதண்டை ஒற்றைக் குழாயாக விடாமல் ‘A’ வடிவில் இரண்டு குழாய்களாக வைத்து, அவை சட்டகத்தில் சேரும் இடத்தில் முக்கோணத் தகடு கொடுத்தோம். டிரெய்லர்கள் பெரும்பாலும் அந்த மூட்டில்தான் வெடிப்பு விடும்.

சக்கரத்துக்குப் பழைய கஞ்சில் காரின் 12 அங்குல வளையம், அதற்கேற்ற ஹப். பேரிங்கைப் புதிதாகப் போட்டுக் கிரீஸ் நிரப்பினோம். பட்டை ஸ்பிரிங்கில் மாமா ஒரு பட்டையைக் கழற்றிவிட்டார். “கனமான ஸ்பிரிங் போட்டா பலம்னு நினைப்பாங்க. சுமை கம்மின்னா அது மடங்காது. டிரெய்லர் தவளை மாதிரி குதிக்கும்” என்றார். குதிக்கும் டிரெய்லரில் மோட்டாரின் பெல்ட்டுகள் தளரும்.

தளம் முழுவதும் தகடு அடிக்கவில்லை. மோட்டாரின் சக்கரம் ஓட நடுவில் ஒரு வாய்க்கால் தகடு, இருபுறமும் கால்வைக்கக் கம்பி வலை. எடை குறையும், மழைநீரும் தேங்காது. எங்கள் மலையின் ஈரத்தில் இரும்பு உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். ஆகவே குழாய்களின் தாழ்ந்த முனையில் சிறு துளைகள் இட்டு, துத்தநாகப் பூச்சு அடித்து, அதன்மேல்தான் சாயம் பூசினோம்.

எல்லாம் எடையில் இருக்கிறது

இந்த வேலையில் உயிர்போகும் விஷயம் ஒன்று உண்டென்றால் அது எடைப் பகிர்வு. சுமை அச்சுக்குப் பின்னால் போனால் டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கும். வேகத்தில் பின்பகுதி இடமும் வலமும் ஆடத் தொடங்கும், ஆட்டம் பெருகி இழுக்கும் வண்டியையே சுழற்றிவிடும். மூக்கில் எடை மிகுந்தால் வண்டியின் பின்புறம் அமுங்கி, முன் சக்கரங்களின் பிடிமானம் குறையும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருப்பது நல்ல அளவு.

எங்கள் டிரெய்லர் 150 கிலோ, மோட்டார் 100 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 250 என்று வைத்துக்கொண்டால் மூக்கில் 25 கிலோ வர வேண்டும். இணைப்பிலிருந்து அச்சுவரை 2.5 மீட்டர். 25-ஐ 2.5-ஆல் பெருக்கி 250-ஆல் வகுத்தால் 0.25 வருகிறது. அதாவது மொத்தச் சுமையின் மையம் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். ஆள் ஏறாத மோட்டாரிலும் பின்சக்கரத்தில் எடை சற்றுக் கூடுதல். அதனால் அச்சைத் தளத்தின் நடுவில் வைக்காமல் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினோம்.

கணக்கைச் சரிபார்க்க அம்மாவின் எடை பார்க்கும் மெஷின் போதுமானதாக இருந்தது. மோட்டாரை ஏற்றி, மூக்கின் கீழே ஒரு கட்டையை நிறுத்தி, அதை மெஷின்மேல் வைத்தோம். முன்சக்கரத் தடுப்பை வெல்டிங் செய்யாமல் போல்ட்டில் மாட்டியிருந்ததால், அதை ஒரு துளை முன்னுக்கு நகர்த்தி 25-ஐப் பிடித்தோம். வேறு மோட்டார் ஏற்றும்போதும் இப்படி நகர்த்திக்கொள்ளலாம்.

உருண்டை, சங்கிலி, விளக்கு

கடையில் இணைப்பு உருண்டை வாங்கும்போது கவனம் தேவை. 50 மில்லிமீட்டர் உருண்டையும் உண்டு. இரண்டு அங்குல உருண்டையும் உண்டு. இரண்டாவது 50.8 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். இரண்டு அங்குலக் கிண்ணத்தில் 50 உருண்டையைப் போட்டால் மேட்டில் ஒரு குதியில் கழன்றுவிடக்கூடும். இரண்டின்மேலும் அளவு பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதோடு இழுதண்டின் கீழே இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். உருண்டை கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

விளக்குக்கு ஏழு முனைப் பிளக். மஞ்சள் கம்பி இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிரேக், கறுப்பு இடது பின்விளக்கு, பழுப்பு வலது பின்விளக்கு, நீலம் பனிமூட்ட விளக்கு, வெள்ளை எர்த். வெள்ளைக் கம்பியை உருண்டை வழியாக இரும்பிலேயே விட்டுவிடலாம் என்பார்கள். துருவும் கிரீஸும் சேர்ந்தால் விளக்கு மினுக்கும். தனிக் கம்பியே நல்லது. பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கும் ஊர் இது. பின்னால் வரும் லோரிக்காரருக்கு நாம் தெரிய வேண்டும்.

மோட்டாரைக் கட்டும் முறை

ஏற்றுமுன் டிரெய்லரை லேண்ட் ரோவரோடு மாட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பின்முனையில் எடை ஏறியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு ஏற்றுங்கள்.

பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டாதீர்கள். குலுக்கலில் ஸ்டாண்டு வளையும், பெல்ட் தளரும். வண்டி நிமிர்ந்து நிற்க நான்கு ராட்செட் பெல்ட் வேண்டும். முன்னால் இரண்டு, ஹாண்டில் கழுத்தின் இருபுறமும், கீழ்நோக்கியும் முன்நோக்கியும். பின்னால் இரண்டு, பின்பக்கம் நழுவாதபடி. கெப்சாயின் பிளாஸ்டிக் கவசத்தில் பெல்ட் படக்கூடாது, உடைந்துவிடும். முன் ஷாக் அப்சார்பர் பாதியளவு அமுங்கும்வரை இறுக்கினால் போதும். டயருக்கும் மட்கார்டின் உறுதியான பகுதிக்கும் இடையில் ஒரு மரக்கட்டை வைத்தால், பள்ளத்தில் விழும்போது முன்பக்கம் மேலும் அமுங்கிப் பெல்ட் தளர்வது தடுக்கப்படும்.

இறங்கிய நாள்

டிரெய்லரில் பிரேக் இல்லை. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் 250 கிலோ டிரெய்லர் ஏறத்தாழ 25 கிலோ விசையில் முன்வண்டியைத் தள்ளும். லேண்ட் ரோவருக்கு அது பெரிய பாரமில்லை. ஆனாலும் வளைவுக்குமுன் தாழ்ந்த கியருக்கு வந்து, எஞ்சினைக்கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தினார் மாமா. வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை அழுத்தினால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி வண்டியை மடக்கப் பார்க்கும். டிரெய்லரின் சக்கரம் உள்வட்டத்தில் ஓடும் என்பதால் ஓரக் கால்வாயிலிருந்து எப்போதும் ஓரடி விலகியே திருப்பினார்.

புறப்பட்டு ஐந்தாவது கிலோமீட்டரில் நிறுத்திப் பெல்ட்டுகளைச் சோதித்தோம். ஒன்றில் ஒரு பல் இறுக்க வேண்டியிருந்தது. லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சியில் இரண்டாவது சோதனை. ஹப்பைத் தொட்டுப் பார்த்தோம், வெதுவெதுப்புதான். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம் என்று பொருள்.

அப்பா அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அங்கே இறங்கி டிரெய்லரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பெல்ட்டையும் விரலால் சுண்டிப் பார்த்தார். சீட்டின் மேலிருந்த தூசியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு, “மச்சான், நல்லாத்தான் கட்டியிருக்கே” என்றார். மாமாவுக்கு அதற்குமேல் கூலி தேவைப்படவில்லை.

இப்போது அந்த டிரெய்லர் லயத்துக்குப் பொதுச் சொத்து மாதிரி. எஞ்சின் அடைத்துக்கொண்ட மோட்டார், தீபாவளிக்கு முன் சாயம் அடிக்கப் போகும் மோட்டார், ஓய்வுபெற்று இறங்கும் இன்னொருவரின் மோட்டார் என்று ஏறி இறங்குகின்றன. ஓட்டுவது மாமா மட்டும்தான்.

நீங்களும் செய்ய நினைத்தால் வெல்டிங் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காலியாக, பிறகு அரிசி மூட்டையோடு, கடைசியாக மோட்டாரோடு இழுத்துப் பழகுங்கள். பின்னோக்கி ஓட்டுவதைத் திறந்த திடலில் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்பகுதி இடப்பக்கம் போகும், குட்டி டிரெய்லர் சட்டென்று மடியும். வருடத்துக்கு ஒருமுறையாவது பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் மாற்றுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் உருண்டை, சங்கிலி, பிளக், டயர் காற்று, பெல்ட் ஆகிய ஐந்தையும் விரல்விட்டு எண்ணிச் சரிபாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.