இஸ்தான்புலை எங்கே நின்று பார்ப்பது?

உம்ராவை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் இரண்டு மூன்று நாள் இஸ்தான்புலில் தங்கி வரும் குடும்பங்கள் இப்போது பெருகிவிட்டன. போய் வந்தவர்களிடம் கேட்டால் ஒவ்வொரு பள்ளிவாசலையும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். உள்ளே போனோம், குப்பாவை அண்ணாந்து பார்த்தோம், படம் எடுத்தோம் என்கிறார்கள். அந்தப் பள்ளிவாசல்கள் எல்லாம் ஒரே வரிசையாக நிற்கும் காட்சியை நின்று பார்த்தவர்கள் குறைவு. உஸ்மானியர்கள் அந்த நகரத்தை அமைத்ததே அந்த வரிசைக்காகத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

பழைய நகரம் மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஒரு நிலமுனை. வடக்கே தங்கக் கொம்பு எனப்படும் கடற்கழி, கிழக்கே போஸ்பரஸ், தெற்கே மர்மரா கடல். அதில் ஏழு குன்றுகள் என்பது பழங்கணக்கு. 1453-ல் சுல்தான் முஹம்மத் ஃபாத்திஹ் நகரை வென்ற பிறகு, வந்த சுல்தான்கள் குன்றுகளின் உச்சிகளைப் பெரிய பள்ளிவாசல்களுக்கு ஒதுக்கினார்கள். படகில் வருகிறவன் கரை சேரும் முன்பே இது யாருடைய ஊர், இங்கே எது உயர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்வான். ஆகவே இந்த ஊரைப் பார்க்க உயரம் மட்டும் போதாது. எதிர்க்கரையும் வேண்டும்.

முதலில் சுலைமானிய்யா. மிஃமார் ஸினான் 1550 முதல் 1557 வரை கட்டிய பள்ளி. தொழுதுவிட்டு வாசல் வழியே வெளியேறி வண்டியைத் தேடிப் போய்விடாதீர்கள். பள்ளியின் வடபுறத்து முற்றத்துக்குச் செல்லுங்கள். கீழே தங்கக் கொம்பு, அதற்கு அப்பால் கலாட்டா, வலப்பக்கம் போஸ்பரஸும் ஆசியக் கரையும் தெரியும். கட்டணம் இல்லை. முற்றத்துக்குக் கீழே சரிவில் சின்னச் சின்னக் குப்பாக்கள் படிப்படியாக இறங்குகின்றனவே, அவை மதரஸாக்கள். முற்றத்தின் பார்வையை மறைக்காதபடி ஸினான் அவற்றைச் சரிவில் தாழ்த்திக் கட்டினார். மதரஸாவில் ஓதியவர்கள் என்பதால் நமக்கு அந்த இடத்தில் தனிப் பிரியம் இருக்கலாம். ஆனால் கட்டடக் கலை தெரிந்தவர்களும் அதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

பிள்ளைகளை மினாராக்களை எண்ணச் சொல்லுங்கள். நான்கு. அவற்றின் உப்பரிகைகள் மொத்தம் பத்து. நகரம் வெல்லப்பட்ட பின் ஆண்ட நான்காவது சுல்தான், உஸ்மானிய வம்சத்தில் பத்தாவது சுல்தான் சுலைமான் என்பதற்கு அது அடையாளம் என்று அவ்வூரார் விளக்குவார்கள். சுல்தானின் அடக்கஸ்தலம் கிப்லாச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. ஸினானின் சிறிய கப்ரு வளாகத்துக்கு வெளியே ஒரு தெருமுனையில். பெரும்பாலானோர் கவனிக்காமல் கடந்து போகிறார்கள். பள்ளிக்கு எதிர்த் தெருவில் வெள்ளை பீன்ஸ் குழம்பும் சோறும் பரிமாறும் பழைய கடைகள் வரிசையாக உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு வேறு எங்கும் அலைய வேண்டாம்.

கூட்டம் பிடிக்காதவர்கள் அதே கழியை ஐந்தாவது குன்றில் உள்ள யவூஸ் சுல்தான் ஸலீம் பள்ளியின் முற்றத்திலிருந்து பார்க்கலாம். 1522-ல் முடிந்த பள்ளி அது.

கலாட்டா கோபுரம் ஜெனோவா வணிகர்கள் 1348-ல் எழுப்பியது. சுற்றுலா நிறுவனங்கள் தவறாமல் அழைத்துப் போகும் இடம். மேலிருந்து பார்த்தால் தோப்காபி அரண்மனை, ஆயா சோஃபியா, சுல்தான் அஹ்மத், சுலைமானிய்யா, ஃபாத்திஹ் என்று இடமிருந்து வலமாக எல்லாம் தெரியும். மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டணம் அதிகம், வரிசை நீளம், மேலே உள்ள உப்பரிகை குறுகல். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் வரிசையில் நின்று அஸரைத் தவறவிடும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. கீழே கலாட்டா பாலத்தில் தூண்டில் போட்டு நிற்பவர்களுக்கு நடுவே போய் நில்லுங்கள். ஏறக்குறைய அதே வரிசை அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

தொழுகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். ஷாஃபிஈ மத்ஹபினர் வந்த நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்களுக்குக் குறைவாகத் தங்குவதாக இருந்தால் சுருக்கியும் சேர்த்தும் தொழலாம். லுஹரோடு அஸரைச் சேர்த்துவிட்டால் மாலைப் பொழுது முழுவதும் கையில் இருக்கும். ஹனஃபிகளுக்குப் பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்கினால் சுருக்குதல் உண்டு, சேர்த்தல் இல்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் இரு சாராரும் முழுமையாகத் தொழ வேண்டும்.

அடுத்து ஐயூப். மதீனாவில் நபி (ஸல்) அவர்களுக்குத் தம் இல்லத்தில் இடமளித்த அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்கள் முதுமையில் இந்த நகர முற்றுகைக்கு வந்து, இங்கேயே வஃபாத்தானார்கள். ஜியாரத் முடித்ததும் பக்கத்திலிருந்து கேபிள் காரில் குன்றுக்கு ஏறலாம். குன்றுக்கு பியர் லோத்தி என்று ஒரு பிரெஞ்சு நாவலாசிரியரின் பெயர். தங்கக் கொம்பு வளைந்து நகரை நோக்கிப் போவது அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். தேநீரும் கிடைக்கும்.

இறங்கும்போது கேபிள் கார் வேண்டாம், நடந்து வாருங்கள். பாதை கப்ருஸ்தானுக்கு ஊடாக இறங்குகிறது. மீஸான் கற்களின் தலையில் தலைப்பாகை செதுக்கியிருப்பார்கள். அதன் வடிவத்தை வைத்தே அடங்கியவரின் பதவியும் தொழிலும் அறியப்பட்டன. பிற்காலக் கற்களில் நம் பாட்டனார்கள் அணிந்த அதே துருக்கித் தொப்பி. கற்களில் சாய்ந்தும் கப்ருகள் மேல் உட்கார்ந்தும் படம் எடுக்கிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம். கப்ரின் மீது உட்காருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அங்கே ஸலாம் சொல்லிவிட்டு நடக்க வேண்டும். படம் மேலே எடுத்ததே போதும்.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் நம் தேர்வு உஸ்குதார். எமினோனு துறையிலிருந்து படகில் சுமார் இருபது நிமிடம். இறங்கிக் கரையோரமாகத் தெற்கே சலாஜக் வரை நடந்தால், கடலுக்குள் கன்னிக் கோபுரம், அதற்கு அப்பால் பழைய நகரத்தின் முழு வரிசை. சூரியன் அதற்குப் பின்னால் இறங்கும்போது வண்ணமெல்லாம் மறைந்து, குப்பாக்களும் மினாராக்களும் கருங்கோடாக நிற்கும்.

அந்தக் கோட்டுக்கும் ஆபத்து வந்தது. சுல்தான் அஹ்மத் பள்ளியின் மினாராக்களுக்குப் பின்னால் ஸெய்தின்புர்னு பகுதியில் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. தங்கக் கொம்பின் மேல் 2014-ல் திறந்த மெட்ரோ பாலமோ, சுலைமானிய்யாவை மறைக்கும் என்ற யுனெஸ்கோவின் கவலைக்குப் பிறகு தூண்களின் உயரத்தைக் குறைத்துக் கட்டப்பட்டது.

சாம்லிஜா குன்றில் 2019-ல் திறந்த மாபெரும் பள்ளியையும் சிலர் கேட்பார்கள். தொழப் போகலாம். ஆனால் அங்கிருந்து பழைய நகரம் வெகு தூரம்.

மஃரிபுக்கு உஸ்குதார் படகுத்துறை எதிரிலேயே ஸினான் கட்டிய மிஹ்ரிமா சுல்தான் பள்ளி இருக்கிறது. தொழுதுவிட்டு, திரும்பும் படகில் மேல்தளத்தில் இடம் பிடியுங்கள். ரமளான் உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் காத்திருக்கிறது. பெரிய பள்ளிகளின் இரண்டு மினாராக்களுக்கு நடுவே விளக்குகளைக் கோத்து எழுத்தாகத் தொங்கவிடுவார்கள். மஹ்யா என்று பெயர், நூற்றாண்டுகள் பழைய வழக்கம். என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், சொல்வார்கள்.