பாலகாட் மெஸ்ஸுக்கு விழுந்த ஒரு நட்சத்திரம்

இரவு பதினோரு மணிக்கு போன். பாலகாட்டில் மெஸ் நடத்தும் சித்தப்பா மகன். “இன்னாண்ணா இது, கூகுள்ல ஒரே ஒரு ஸ்டார் குடுத்துட்டுப் போயிருக்கான். குழம்பு பழசாம்! காலைல அரைச்ச மசாலாண்ணா. பேரு கூட ஒழுங்காப் போடல” என்று கத்தினான். பதிலும் எழுதி வைத்திருந்தான், படித்துக் காட்டினான். சாப்பிட்டவரின் இரண்டு தலைமுறை அதில் வந்து போனது. “அனுப்பாத. விடியட்டும்” என்றேன். அன்றிரவு அவனுக்கு நான் செய்த ஒரே உதவி அதுதான்.

கோலார் தங்கவயலின் ஐந்து பெரிய சுரங்கங்களில் ஒன்றின் பெயர் பாலகாட். சுரங்கம் போய்விட்டது, பெயர் ஊருக்கு நின்றுவிட்டது. சுரங்க லைன் வீடுகளில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஒரு கடையில் இட்லி புளித்தால் குழாயடியில் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கடைக்காரருக்கும் தெரியும், சொன்னது யார் என்றும் தெரியும். மறுநாள் அந்த அக்கா வரும்போது, “இன்னிக்கு நல்லாருக்கு, சாப்ட்டுப் பாரு” என்று ஒரு இட்லியைக் கூடுதலாக வைத்தால் கணக்கு தீர்ந்தது.

2001 பிப்ரவரி 28-ல் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. ஊரில் பலர் விடியுமுன் ரயிலேறி பெங்களூரு போய் இருட்டியபின் திரும்புகிறார்கள். இன்னொரு பக்கம், ‘கே.ஜி.எஃப்’ படத்தின் முதல் பாகம் 2018 டிசம்பரில் வெளியானதிலிருந்து, சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். படப்பிடிப்பு நடந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, “அவ்வளவுதானா?” என்று கேட்கிறவர்களும் உண்டு. தங்கவயலுக்கே மதிப்பெண் போட்டுவிட்டுப் போகிற இவர்கள், வழியில் சாப்பிட்ட கடையை விடுவார்களா? கூடுதல் இட்லியை இவர்களுக்கு எங்கே கொண்டுபோய் வைப்பது?

மதிப்பெண் நமக்குப் புதிதில்லை. ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்குப் போட்ட 62.5-ஐ இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அன்று மார்க் போட்டது ஒரு பத்திரிகை. இன்று போன் வைத்திருக்கும் எல்லோரிடமும் சிவப்பு மை இருக்கிறது.

அந்த மைக்கு விலையும் இருக்கிறது. ஹார்வர்டின் மைக்கேல் லூகா, சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும் ‘யெல்ப்’ தளத்தில் அவை பெற்ற நட்சத்திரங்களையும் ஒப்பிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடியது. ஆனால் அந்த ஏற்றம் தனிக் கடைகளுக்குத்தான். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கடைகளை நட்சத்திரம் அசைக்கவில்லை. பெரிய கடைக்குப் பெயர் இருக்கிறது. பாலகாட் மெஸ்ஸுக்கு நட்சத்திரம்தான் பெயர். என் தம்பி கத்தியதில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

கத்தல் திட்டாக மாறி, திட்டு மிரட்டலாக மாறும்போதுதான் சிக்கல். நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற சிற்றூரில் ஒரு விடுதி, தன்னிடம் திருமணம் நடத்துபவர்களின் விருந்தினர் யாராவது மோசமாக எழுதினால், ஒரு பதிவுக்கு 500 டாலர் அபராதம் என்று விதி போட்டிருந்தது. 2014-ல் இது செய்தியானதும், அந்த விடுதிப் பக்கமே போயிராதவர்களும் படையெடுத்து வந்து ஒற்றை நட்சத்திரங்களைக் கொட்டினார்கள். “அது சும்மா வேடிக்கைக்கு” என்று விடுதி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

நம் நாட்டிலும் நடந்தது. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர், போர்ன்விட்டாவில் இருக்கும் சர்க்கரையைப் பற்றி ஒரு காணொளி போட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. தனி ஆள் என்ன செய்வார்? மன்னிப்புக் கேட்டுக் காணொளியை நீக்கினார். அதோடு முடிந்ததா? நோட்டீஸே செய்தியாகி, காணொளி பார்க்காதவர்களும் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கத் தொடங்கினார்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள், சேர்க்கும் சர்க்கரை சுமார் 14 சதவீதம் குறைந்தது. மறு ஆண்டு ஏப்ரலில், இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பட்டியலிலிருந்து எடுக்கும்படி மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. வக்கீலுக்குக் கொடுத்த காசில் முதலிலேயே சர்க்கரையைக் குறைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஒரு மெஸ் முதலாளியின் அண்ணன் வேறு எப்படி யோசிப்பான்?

தமிழ் சினிமாவும் இதே கதவைத்தான் தட்டியது. 2024 நவம்பரில் ‘கங்குவா’ படம் விமர்சனங்களில் வாங்கிய அடிக்குப் பிறகு, தியேட்டர் வளாகத்தில் யூடியூப் விமர்சகர்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. படம் வெளியான முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் வருவது, பொத்தாம்பொதுவாகத் தடை போட முடியாது என்றது நீதிமன்றம்.

சட்டம் கையில் இல்லாமல் இல்லை. அவதூறுக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, இரண்டாண்டு வரை சிறை. ஆனால் பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது. ‘குழம்பு பழசு’ என்பதற்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது? போகாத கடையைப் பற்றி எழுதுவது, எதிர்க்கடைக்காரர் ஆள் வைத்து எழுதுவது, இவை வேறு வகை. அவற்றைக் கூகுளில் புகார் செய்யலாம். விதியை மீறிய பதிவை நீக்குவார்கள். பிடிக்கவில்லை என்பதற்காக நீக்க மாட்டார்கள். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று தளம் சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து எழுத வைத்ததை வெளியிடக் கூடாது என்கிறது அது. கட்டாயம் இல்லை, விருப்பம் உள்ளவர்கள் பின்பற்றலாம். நம் ஊரில் ‘விருப்பம் உள்ளவர்கள்’ எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலையில் தம்பியிடம் போனேன். ஆத்திரம் பெயரில் வந்து நின்றிருந்தது. “பேரு போடாம எழுதறவன் ஆம்பளையா?” என்றான். தங்கவயல்காரன் இப்படிக் கேட்கலாமா? 1930-ல் தொழிலாளிகள் எல்லோரும் விரல் ரேகை பதிய வேண்டும் என்று சுரங்கக் கம்பெனிகள் சொன்னபோது, ஆயிரக்கணக்கானோர் குழிக்குள் இறங்க மாட்டோம் என்று 21 நாள் வெளியே நின்ற ஊர் இது. ஒரு சுரங்கத்தில் வேலை போனவனை அடுத்த சுரங்கமும் ரேகையை வைத்துத் துரத்திவிடும் என்ற பயம் அவர்களுக்கு. கம்பெனிதான் இறங்கி வந்தது. குறை சொல்கிறவன் ஏன் பெயரை மறைக்கிறான் என்பது தங்கவயலுக்குத் தெரியாதா?

“சரிண்ணா, யாருக்குத்தான் பதில் எழுதறது?” என்றான். நல்ல கேள்வி. எழுதியவர் திரும்பி வரப் போவதில்லை. நாளைக்கு மேடு பார்க்க வரும் ஒரு குடும்பம், காரில் உட்கார்ந்து எங்கே சாப்பிடலாம் என்று தேடும். அவர்கள் அந்தக் குறையையும் படிப்பார்கள், கீழே இவன் எழுதியதையும் படிப்பார்கள். பதில் அவர்களுக்கு. டெக்சாஸ் ஹோட்டல்களை ஆராய்ந்த புரோசெர்பியோ, சேர்வாஸ் என்ற ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். நிர்வாகம் பதில் எழுதத் தொடங்கியபின் விமர்சனங்கள் 12 சதவீதம் கூடின, சராசரி நட்சத்திரமும் 0.12 ஏறியது. போகிற போக்கில் திட்டுவது குறைந்து, குறை சொன்னவர்களும் விவரமாக நீளமாகச் சொன்னார்கள். முதலாளி படிக்கிறார் என்று தெரிந்தால் பேச்சில் பொறுப்பு வந்துவிடுகிறது. குழாயடி அக்காவும் கடைக்காரர் காதில் விழும் தூரத்தில் அளந்துதான் பேசுவார்.

பதில் எழுத உட்காரும் முன், “அன்னிக்கு ராத்திரி யார் பரிமாறினது?” என்று கேட்டேன். பையனைக் கூப்பிட்டான். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: எட்டு மணிக்கே குழம்பு தீர்ந்துவிட்டது, கடைசி இரண்டு மேசைக்கு மதியம் எடுத்து வைத்ததைச் சூடு பண்ணிப் போட்டானாம். தம்பி வெகு நேரம் பேசவில்லை.

மூன்று வரி எழுதினான். மதியக் குழம்பைப் போட்டது உண்மை, தப்பு எங்களுடையது, அடுத்த முறை வந்தால் என்னைக் கேளுங்கள். கீழே தன் பெயரைப் போட்டான். போன் நம்பரும் கொடுத்தான்; அது வேண்டாம் என்று நான்தான் அழிக்கச் சொன்னேன்.

அந்த ஆள் பதில் போடவில்லை, நட்சத்திரத்தையும் மாற்றவில்லை. தம்பி இப்போது ராத்திரிக்குத் தனியாக மசாலா அரைக்கிறான்.